அணி சரிந்தபோது அருகில் இருந்தவர்கள் எழுதுங்கள்

வடகாற்று

லீட்ஸ் யுனைடெட் வீரர் ஆலன் ஸ்மித்தை ரசிகர்கள் தோளில் தூக்கியபோது நான் எங்கள் மைதானமான எல்லண்ட் ரோட்டில் இருந்தேன். 2004 மே 8, சார்ல்டனுடன் 3-3. அதற்கு முந்தைய வாரம் போல்டனில் 4-1 என்று தோற்றிருந்தோம்; எங்கள் விடூகா கோலும் அடித்து, சிவப்பு அட்டையும் வாங்கிய ஆட்டம். அதன் பிறகு பிரீமியர் லீகில் நீடிக்க லீட்ஸுக்குக் கணக்குப்படி மட்டும்தான் உயிர் இருந்தது. அன்று அதுவும் போனது.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. கலவரம் வரப்போகிறது என்று பயந்தேன். அவர்கள் நேராக ஸ்மித்திடம் போய் அவரைத் தூக்கிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்திலேயே பிறந்து, அந்த அணியிலேயே வளர்ந்தவர். என் பக்கத்து இருக்கைக்காரர் கைதட்டிக்கொண்டே, "இவனையும் விற்றுவிடுவார்கள்" என்றார். சில வாரங்களில் 70 லட்சம் பவுண்டுக்கு எங்கள் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். வேறு எந்த அணியாக இருந்தாலும் பொறுத்திருப்போம். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆடிய அணி இது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

யாழ் இடதுகால்

எனக்கு ஸ்மித்தைவிட, தடுப்பாட்டக்காரர் வுட்கேட் போனதுதான் வலிக்கிறது. 2003 ஜனவரி. பெட்ரோல் நிலையத்தில் வேலை, கல்லாவுக்கு மேலே சிறிய டிவி. வுட்கேட்டை நியூகாசிலுக்கு விற்றதை விளக்க கிளப் தலைவர் ரிட்ஸ்டேல் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மேலாளர் வெனபிள்ஸ். கனவை வாழ்ந்தோம் என்கிற பொருளில் தலைவர் பேசிக்கொண்டே போகிறார். நான் வெனபிள்ஸின் முகத்தைத்தான் பார்த்தேன். தன் வீட்டுச் சாமான்களைப் பிறர் ஏலம் விடுவதைப் பார்த்திருப்பவரின் முகம் அது. காசு கொடுக்க வந்த வாடிக்கையாளரை நான் கவனிக்கவே இல்லை. அவரும் அவசரப்படாமல் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கு முன் ஃபெர்டினாண்ட் போனபோது கூட, சரி, 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கியவரை ஏறக்குறைய 3 கோடிக்கு விற்கிறார்கள், கடன் தீரும் என்று நம்பினேன். வுட்கேட் போன அன்று நம்பிக்கை விட்டது. மார்ச் மாதத்துக்குள் தலைவரும் இல்லை, மேலாளரும் இல்லை.

மேற்குக் கேலரி

இடதுகால் அண்ணா, ரிட்ஸ்டேல் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வெனபிள்ஸுக்கு முன் பயிற்சியாளராக இருந்த ஓ'லியரி கேட்ட ஆளையெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். ராபி கீன் 1.2 கோடி. டெர்பியிலிருந்து சேத் ஜான்சன் 70 லட்சம். தாக்குதல் வரிசையில் ஏற்கெனவே விடூகா, ஸ்மித், கீன் மூவரும் இருக்கும்போது ஃபவுலரையும் வாங்கியது எதற்கு? பயிற்சியாளருக்கு அதில் பொறுப்பே இல்லையா?

கடன் கொடுத்தவர்களையும் சொல்லுங்கள். இனிமேல் விற்கப்போகும் டிக்கெட் வருமானத்தை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கொடுத்தார்கள். ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீகில் ஆடினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். 2001-இல் லிவர்பூல் 69 புள்ளி, லீட்ஸ் 68. ஒரே புள்ளியில் வாய்ப்பு தவறியது. அடுத்த ஆண்டு ஐந்தாம் இடம், மறுபடியும் இல்லை. ஐந்தாம் இடம் பிடித்த அணி அழிவது ஆட்டத்தின் குற்றமா? ஃபவுலரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்ற பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸே கொடுத்தது. அதற்குக் கையெழுத்திட்டவர்கள் ஒரு குழு.

என் அனுபவம் சிறியது: அந்தப் பருவத்தில் ஃபவுலர் சட்டை வாங்கிய என் தம்பி அதைப் பிறகு அணியவே இல்லை.

கிக் லேன் அருகில்

லீட்ஸ் பிரீமியர் லீகுக்குத் திரும்பி வந்தது. மான்செஸ்டர் அருகிலுள்ள சிறிய கிளப்பான பெரி வரவில்லை, அதாவது தன்னை நீக்கிய இங்கிலாந்து ஃபுட்பால் லீகுக்கு.

2019 ஆகஸ்ட் 27. சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் பெரியின் கிக் லேன் மைதானத்தைச் சுத்தம் செய்ய மக்கள் திரண்டார்கள். நானும் துடைப்பத்தோடு போனேன். இருக்கைகளைத் துடைத்தோம், களை பிடுங்கினோம். கிளப்பை வாங்க இருந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று மாலையில் செய்தி. இரவுக்குள் லீகிலிருந்து நீக்கம். 1894 முதல் இருந்த இடம். எஃப்.ஏ. கோப்பையை இரு முறை வென்ற கிளப்.

அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில்தான் நான்காம் டிவிஷனிலிருந்து மூன்றாம் டிவிஷனுக்கு உயர்ந்திருந்தார்கள்! சம்பளம் வராமலேயே ஆடி உயர்ந்த வீரர்கள். முந்தைய உரிமையாளர் வருமானத்தை மீறிச் சம்பளம் கொடுத்தார், மைதானத்தை அடகு வைத்தார். ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப்புக்கு அடுத்தவரிடமும் பணம் இல்லை. எனக்கு அருகில் பெயின்ட் டப்பாவோடு நின்ற பெண்மணி, செய்தி வந்த பிறகும் கைப்பிடிக் கம்பியை முழுவதும் அடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தணிக்கையாளர்

நான் ஒரு சிறிய கிளப்பின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லோரும் ஒன்று செய்யலாம். இங்கிலாந்து கிளப்புகளின் ஆண்டுக் கணக்கு, அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் சம்பளத்தையும் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நூறு வந்தால் தொண்ணூறு சம்பளமாகப் போகிறதா? அப்படியானால் எந்தக் கோப்பையும் உங்களை ஏமாற்ற விடாதீர்கள். அடுத்து, அடமானப் பதிவுகளைப் பாருங்கள். மைதானம் யார் பிடியில் இருக்கிறது என்பது அதில் தெரியும். மூன்றாவது, கணக்கைத் தாமதமாகச் சமர்ப்பிக்கிறார்களா? தாமதம் பெரும்பாலும் நல்ல செய்தியை மறைப்பதில்லை. வீரரை வாங்கிய விலையைப் பற்றியே பேசுகிறோம். அது தவணையில் போகும். கிளப்பின் கழுத்தை நெரிப்பது வாரந்தோறும் கொடுக்க வேண்டிய சம்பளம். ஆளை விற்றாலும் சம்பளம் ஒட்டிக்கொண்டு வரும் என்பதற்கு மேலே ஃபவுலரே சாட்சி. ரசிகர் சங்கங்கள் கோல் கணக்கைப் பார்க்கும் அக்கறையில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

வடகாற்று

தணிக்கையாளர் ஐயா, சொன்னது சரி. ஆனால் 2004-இல் எல்லண்ட் ரோட்டையே விற்றபோது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய முடிந்தது? டிக்கெட் வாங்கினோம், கத்தினோம். மைதானம் கிளப்புக்குத் திரும்பவே 2017 ஆயிற்று.

கேலரி, குழுவின் பொறுப்பை ஒப்புக்கொள்கிறேன். ஓ'லியரியை அவ்வளவு சுலபமாக இதில் சேர்க்க மாட்டேன். கேட்பது பயிற்சியாளரின் வேலை. பணம் இல்லை என்று சொல்வது தலைவரின் வேலை.

2007-இல் இப்ஸ்விச்சுடன் லீட்ஸ் ஆடிய ஆட்டத்தில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். 1-1, கூட்டம் உள்ளே இறங்கிய ஆட்டம். அடுத்த வாரமே கிளப் திவால் நிர்வாகிகள் கையில் போய், 10 புள்ளி வெட்டி, மூன்றாம் டிவிஷன். அன்று நான் ஊரில் இல்லை.