மறு: "ஸ்டாக்கிங் சீக்வென்ஸ்", தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

இழைகள் கொண்ட மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தகடு செய்யும்போது, எந்தப் படலம் எந்த இடத்தில் என்ற ஒழுங்குதான் "ஸ்டாக்கிங் சீக்வென்ஸ்".

> "அடுக்குமுறை" என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணில் அது "அடக்குமுறை" ஆகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒற்றைப் படலம், படலங்கள் ஒட்டிய தகடு, அவற்றை வைக்கும் ஒழுங்கு என மூன்றுக்கும் "அடுக்கு" என்ற ஒரே சொல்லைச் செலவழிக்கிறோம்.

இங்கே ஒழுங்குதான் உயிர். கார்பன் இழைத் தகடு ஒன்றில் எட்டுப் படலங்கள். நான்கில் இழை 0 பாகை, நான்கில் 90 பாகை. நடுத்தளத்துக்கு இருபுறமும் சமச்சீராக எப்படி வைத்தாலும் இழுவிறைப்பு, அதாவது இழுத்தால் நீள மறுக்கும் தன்மை, மாறாது. வளைத்தால்தான் வேறுபாடு தெரியும். 0 பாகைப் படலங்களை மேலே இரண்டு, கீழே இரண்டு என வெளிப்புறம் வைத்தால் வளைவிறைப்புக் கணக்கில் அவற்றின் விறைப்புக்கு எட்டில் ஏழு பங்கு முக்கியத்துவம் கிடைக்கும். நடுவில் தள்ளினால் எட்டில் ஒரு பங்குதான். அதே பொருள், அதே எடை!

அதனால் ஒற்றைப் படலத்தை "ஏடு", முழுத் தகட்டை "ஏட்டடுக்கு", ஒழுங்கை "ஏட்டுவரிசை" என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ஓலை ஏட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்போடும் திசையில் சட்டென்று கிழியும், குறுக்கே கிழிப்பது கடினம். ஒருதிசை இழைப் படலமும் அப்படித்தான். சுவடியில் ஏடு இடம் மாறினால் பாட்டு குலைவதுபோல, இங்கே விறைப்பு குலையும்.

> ஏடு என்றதும் ஏட்டுச்சுரைக்காய்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் "ஓசோன் படை" என்பார்கள், அந்தப் "படை" போதாதா?

நல்ல சொல்தான். ஆனால் "படைவரிசை" என்றால் தமிழ்நாட்டு மாணவருக்குச் சிப்பாய்கள் வந்து நிற்பார்கள். பாலேட்டையும் நினைத்துப் பாருங்கள். மெல்லிய விரிப்பு என்ற பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

> இதில் கோணம் எங்கே?

கோணம் ஏட்டின் பண்பு; "ஏட்டுக்கோணம்" எனத் தனியே சொல்லலாம். 1984இல் முதலில் பறந்த எக்ஸ்-29 என்ற அமெரிக்கச் சோதனை விமானத்தின் இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்தவை. மேல்நோக்கி வளையும்போது அவை அபாயமாக முறுக்கிக்கொள்ளாதபடி இழைகளின் கோணத்தைக் கொண்டே கட்டுப்படுத்தினார்கள்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "0, 45, -45, 90 பாகைகளில் 16 ஏடுகளைச் சமச்சீராக வைக்க 65,536 ஏட்டுவரிசைகள் உண்டு, 32 ஏடுகளுக்கு 429 கோடிக்கு மேல். அதனால்தான் ஏட்டுவரிசை உகப்பாக்கத்துக்கு மரபணுப் படிமுறைகளை நாடுகிறார்கள்."

(உகப்பாக்கம் என்றால் மிகச் சிறந்ததைத் தேடுவது; மரபணுப் படிமுறை என்றால் நல்ல விடைகளைக் கலந்தும் மாற்றியும், தேறியவற்றைத் தக்கவைத்துத் தேடும் கணினி முறை.) எனக்கு உறுத்தவில்லை. "ஏட்டடுக்கு" மட்டும் வாயில் கொஞ்சம் தடுக்குகிறது. அதற்கு நல்ல மாற்று யாராவது சொன்னால் உடனே ஏற்றுக்கொள்கிறேன்.