1946 வான்படத்தில் பள்ளி மைதானத்துக் கோடுகள்: பதுங்குகுழியா, பாத்தியா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
வணக்கம். பிள்ளைகள் படிக்கும் கிழக்கு லண்டன் பள்ளியின் வரலாற்றைத் திரட்டுகிறோம். பிரிட்டிஷ் விமானப்படை (ஆர்.ஏ.எஃப்.) 1946இல் வானிலிருந்து எடுத்த படத்தில் மைதான ஓரமாக ஐந்தாறு நீளக் கோடுகள் இணையாகத் தெரிகின்றன. எனக்கு வாய்க்கால் மாதிரி இருக்கிறது. போர்க்காலத்தில் காய்கறி போட்ட பாத்தியா, குண்டுவீச்சுக்குப் பதுங்கிய இடமா? சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் ஆண்டர்சன் ஷெல்டர் (தோட்டத்தில் பாதி புதைத்து வைத்த தகரப் பதுங்கிடம்) ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நிழல்பார்ப்பவன்:
முதலில் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். இங்கிலாந்தில் வெயில் தெற்கிலிருந்து அடிக்கும். வடக்கை மேலே வைத்தால் நிழல் மேல்நோக்கி விழும். நம் கண்ணோ வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் மேடு இருக்குமிடம் பள்ளம் போலத் தெரியும். நிழல் உங்களை நோக்கி விழும்படி வைத்துவிட்டு அப்புறம் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை.

மேடாகத் தெரிந்தால் அநேகமாக ஷெல்டர்தான். பள்ளிகளில் நீளமான அறைகளைப் பாதி புதைத்து, மேலே மண் மூடி, இப்படித்தான் வரிசையாகக் கட்டினார்கள். முனைகளில் வாசலின் கருநிழலைத் தேடுங்கள். பாத்திக்கு அது இருக்காது.

ஆண்டர்சன் தெரியாததில் வியப்பில்லை. நீளமே சுமார் 2 மீட்டர்தான். 4 அடி ஆழம் தோண்டி இறக்கி, மேலே மண் போட்டு, அதில் காய்கறியும் வளர்த்தார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய (1:10,000) படத்தில் அது 0.2 மில்லிமீட்டர்! போர் முடிந்ததும் பலவற்றைப் பிரித்தும் எடுத்துவிட்டார்கள். மாரிசன் ஷெல்டர் வீட்டுக்குள் வைத்த இரும்புக் கூண்டு, அதைத் தேடவே வேண்டாம்.

ஸ்விண்டன் பக்கம்:
ஒரே படத்தை வைத்து மல்லுக்கட்டாதீர்கள். அடுத்தடுத்த படங்கள் ஏறக்குறைய 60 சதவீதம் ஒரே இடத்தைக் காட்டும். பழைய வான்படங்களை வைத்திருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகத்தில் அடுத்த படத்தையும் கேளுங்கள். இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப்பில் (ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம் காட்டி முப்பரிமாணமாகத் தெரியவைக்கும் கருவி) பார்த்தால் மேடு எழுந்து நிற்கும். தெருவில் கட்டிய செங்கல் ஷெல்டர் சுலபம்: தட்டையான கான்கிரீட் கூரை வெளுப்பாக, நிழல் நேர்கோடாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
திருப்பிப் பார்த்தேன், மேடுதான்! முனைகளில் கரும்புள்ளிகளும் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள கருவட்டம் என்ன?

நிழல்பார்ப்பவன்:
மிகவும் மகிழ்ச்சி. வட்டம் தீயணைப்புக்காகத் தண்ணீர் தேக்கிய தொட்டியாக இருக்கலாம். இனி பள்ளியின் பழைய பதிவேட்டைப் பாருங்கள். அபாயச் சங்கு ஊதியதும் பிள்ளைகளை ஷெல்டருக்குக் கூட்டிப்போனதைத் தலைமையாசிரியர்கள் நேரத்தோடு குறித்துவைத்த பதிவேடுகள் உண்டு. பள்ளியில் இல்லையென்றால் கவுன்சில் காப்பகத்தில் கேளுங்கள்.