முதுகுப்பையில் கொண்டுபோக எடை குறைந்த அடுப்பு: எதை எடுக்கலாம்?

தொடுவானம்:
வணக்கம் நண்பர்களே. மலைநடைக்கு எடுத்துப் போக ஓர் அடுப்பு வாங்க வேண்டும். இதுவரை குழுவோடு போனதால் அடுப்பைப் பற்றி நான் யோசிக்கவே தேவைப்படவில்லை, இனிமேல் தனியாகவோ இன்னொரு நண்பரோடோதான் போகப் போகிறேன். இரண்டு இரவிலிருந்து ஐந்து இரவு வரை, உயரம் அதிகபட்சம் 3,500 மீட்டர், இரவில் குளிர் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வரலாம். பெரும்பாலும் தண்ணீர் கொதிக்க வைத்து உலர் உணவில் ஊற்றுவதும் காபியும்தான், ஆனால் நண்பர் கூட வந்தால் அவர் கொஞ்சம் நிதானமாகச் சமைக்க ஆசைப்படுவார்.

பார்த்து வைத்திருப்பவை: கேஸ் குடுவையின் தலையில் திருகும் சின்ன அடுப்புகள் (பிஆர்எஸ் 3000டி வெறும் 25 கிராம், எம்எஸ்ஆர் பாக்கெட்ராக்கெட் 2 என்றால் 73 கிராம்), பாத்திரமும் பர்னரும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஜெட்பாயில் வகை, அப்புறம் ஸ்பிரிட் அடுப்பு. 25 கிராமைப் பார்த்த பிறகு 370 கிராம் ஜெட்பாயில் ஃப்ளாஷை எதற்குத் தூக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அதை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

கூழாங்கல்:
அடுப்பின் எடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், எல்லோரும் அங்கேதான் வழுக்குகிறோம். அடுப்பு, எரிபொருள், அதன் குடுவை, பாத்திரம், மூடி, காற்றுத் தடுப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் ஃப்ளாஷின் 370 கிராமில் ஒரு லிட்டர் பாத்திரமும் அடக்கம், 25 கிராம் அடுப்புக்குப் பாத்திரம் தனி. 100 கிராம் கேஸ் இருக்கும் சின்னக் குடுவையில் தகரமே கிட்டத்தட்ட இன்னொரு 100 கிராம் வரும், அதையும் நீங்கள்தான் சுமக்கிறீர்கள்.

கேஸ் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 335 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் கேஸில் சுமார் 45 கிலோஜூல் இருக்கிறது, அதாவது ஒரு துளி வீணாகாமல் எரிந்தால் ஏழரை கிராம் போதும். நடைமுறையில் பாதி வெப்பம் பாத்திரத்தின் ஓரமாக மேலே போய்விடும், அதனால் சாதாரண அடுப்பில் லிட்டருக்கு 13 முதல் 15 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காற்று இல்லாதபோது. ஜெட்பாயில் வகையில் பாத்திரத்தின் அடியில் வரிவரியாக உலோகத் தகடு ஒட்டியிருக்கும், தப்பிப் போகிற வெப்பத்தை அது பிடித்துக்கொள்வதால் லிட்டருக்கு 10 கிராம் போல ஆகும்.

தனியாக இரண்டு இரவு என்றால் மொத்தமே மூன்று லிட்டர் கொதிக்க வைப்பீர்கள், மிச்சமாவது 15 கிராம் கேஸ், அதற்காக 370 கிராமா? இரண்டு பேர் ஐந்து இரவு, காலையும் மாலையும் ஒவ்வொரு லிட்டர் என்றால் கணக்கு மாறும், சின்னக் குடுவையில் முடிகிறதா 230 கிராம் குடுவை எடுக்க வேண்டுமா என்பதையே அந்த மிச்சம் தீர்மானிக்கும்.

பனியை உருக்கித்தான் குடிநீர் என்ற இடத்துக்குப் போனால் இந்தக் கணக்கு செல்லாது. பனியைப் பூஜ்யம் டிகிரித் தண்ணீராக்கவே லிட்டருக்கு 334 கிலோஜூல், அது இன்னும் சூடேறவே ஆரம்பித்திருக்காது. அங்கே இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் வேண்டும்.

வடகாற்று:
மேலே சொன்ன எல்லாவற்றையும் காற்று தலைகீழாக்கும். திறந்த வெளியில் நல்ல காற்றில் சாதாரணத் தலைமேல் அடுப்பு (குடுவையின் தலையில் திருகுவது) எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. அதனால் 25 கிராமா 73 கிராமா என்பதற்கு முன்னால் பர்னரின் தலையைப் பாருங்கள். தலை அகலமாக, உள்ளே குழிந்து, ஓரத்தில் சின்ன விளிம்போடு இருந்தால் காற்றில் தாக்குப் பிடிக்கும் (சோட்டோ விண்ட்மாஸ்டரும் பாக்கெட்ராக்கெட் டீலக்ஸும் அப்படி). குறுகிய தலையில் தீ ஒரே புள்ளியில் குத்தும், தண்ணீருக்குப் பரவாயில்லை, உங்கள் நண்பர் சமைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் வேகாமல் நிற்கும். பாத்திரம் உட்காரும் கால்களையும் பாருங்கள். மிகச் சின்ன அடுப்பில் இரண்டு பேருக்கான நிறை பாத்திரத்தை வைத்து முழுத்தீ விட்டால் மெல்லிய கால்கள் சூட்டில் வளையும், கொதிக்கிற தண்ணீர் சரிந்தால் காலில்தான் விழும்.

அதற்காகத் தலைமேல் அடுப்பைச் சுற்றித் தகடு வைத்து முழுசாக மூடிவிடாதீர்கள், தயவுசெய்து! சூடு கீழே திரும்பிக் குடுவைக்குப் போகும், குடுவை சூடேறினால் வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் மறைத்து, அவ்வப்போது குடுவையைக் கையால் தொட்டுப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட வேண்டும்.

குளிர் அடுத்த விஷயம். குடுவைக்குள் இருப்பது திரவம், அது ஆவியாகி வந்தால்தான் எரியும். சாதாரண பியூட்டேன் -0.5 டிகிரியிலும், ஐசோபியூட்டேன் -12 டிகிரி அளவிலும், புரொப்பேன் -42 டிகிரியிலும் கொதிக்கும். நீங்கள் சொல்கிற பூஜ்யத்தில் வெறும் பியூட்டேன் குடுவை அநேகமாகப் படுத்துவிடும், ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது நன்றாகவே எரியும். ஆகவே குடுவையில் எழுதியிருக்கும் கலவையைப் படித்துவிட்டு எடுங்கள். இன்னொன்று, புரொப்பேன் முதலில் காலியாகும், எரிய எரியக் குடுவையும் தானாகவே குளிர்ந்துகொண்டே போகும், அதனால் முதல் நாள் சீறிய அதே அடுப்பு கடைசி நாள் விடியற்காலையில் முனகும். இரவில் குடுவையைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எரியும்போது குடுவையை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டில் நிறுத்தினாலே போதும், பெரிய வித்தியாசம் தெரியும்.

ரெகுலேட்டர், அதாவது கேஸின் அழுத்தத்தைச் சீராக்கும் பகுதி, இருந்தால் குளிரில் எரியும் என்று பலர் நம்புகிறார்கள். குடுவையில் அழுத்தம் குறையக் குறையத் தீ சீராக நிற்க அது உதவுகிறது, அவ்வளவுதான். அழுத்தமே இல்லாத இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மெல்லநட:
ஸ்பிரிட் அடுப்புக்காக யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். தனியாக, இரண்டு மூன்று இரவு, தண்ணீர் மட்டும் கொதிக்க வைப்பவருக்கு இதைவிட எடை குறைந்த ஏற்பாடு கிடையாது. அலுமினிய டப்பாவில் செய்த பர்னர் 20 கிராம்கூட வராது, ட்ராங்கியாவின் பித்தளை பர்னர் 110 கிராம் போல வரும், ஆனால் அதில் உடைவதற்கோ அடைத்துக்கொள்வதற்கோ எதுவுமே இல்லை. அரை லிட்டருக்கு 17, 18 மி.லி. ஸ்பிரிட் போதும், காற்று இருந்தால் 20க்கு மேல். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் தேவையானதை மட்டும் அளந்து எடுத்துப் போகலாம், பாதி தீர்ந்த தகரக் குடுவைகள் வீட்டில் சேராது. சத்தமே இல்லாமல் எரியும், அதிகாலையில் அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

எடையில் ஜெயிப்பது குறுகிய பயணத்தில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிட்டில் எரிவது எத்தனால், அதில் கிராமுக்கு 27 கிலோஜூலுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது, கேஸில் இருப்பதில் பாதியைவிடச் சற்று அதிகம். நாள் கூடக் கூட அதே வேலைக்கு இரு மடங்கு எரிபொருள் சுமப்பீர்கள், நான்காவது ஐந்தாவது நாள் கணக்கில் கேஸ் முந்திவிடும். இரண்டு பேருக்கு நிதானமான சமையல் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேஸ்தான். கொதிக்கவும் நேரமாகும், அரை லிட்டருக்கு ஏழெட்டு நிமிடம்.

பாதுகாப்புக்கு இரண்டு. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட்டின் தீ கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் பாட்டிலோடு பற்றிக்கொள்ளும். பர்னர் கையில் எடுக்கிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மறுபடி ஊற்ற வேண்டும். மற்றது, தட்டிவிட்டால் எரியும் திரவம் தரையில் ஓடும், காய்ந்த புல்லில் வைக்கவே கூடாது. காட்டுத்தீ பயம் உள்ள காலத்தில் பல இடங்களில் ஸ்பிரிட், விறகு, கட்டி எரிபொருள் எல்லாவற்றுக்கும் தடை இருக்கும், குமிழைத் திருகி உடனே அணைக்கக்கூடிய அடுப்பை மட்டும் அனுமதிப்பார்கள். போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கட்டி எரிபொருளை, அதாவது எஸ்பிட் மாதிரி ஹெக்ஸமின் மாத்திரைகளை, நான் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். பாத்திரத்தின் அடியில் பிசுபிசுப்பாகப் படியும், நாற்றமும் உண்டு.

தொடுவானம்:
எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம். சில பயணங்களுக்கு விமானத்தில் போக வேண்டியிருக்கும், கேஸ் குடுவையைப் பையில் போட்டு அனுப்ப முடியுமா? அடுத்தது, வெள்ளை பெட்ரோல் (அடுப்புக்கென்றே சுத்திகரித்த பெட்ரோல்), மண்ணெண்ணெய் அடுப்புகளைப் பற்றி யாருமே பேசவில்லையே, அதை நான் விட்டுவிடலாமா?

பழையபாதை:
குடுவையை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, கைப்பையிலும் சரி, சரக்கில் போடும் பெட்டியிலும் சரி. ஸ்பிரிட்டும் அப்படியே. பர்னரை எடுத்துப் போகலாம், ஆனால் திரவ எரிபொருள் அடுப்பு என்றால் எரிபொருளின் வாடைகூட இல்லாமல் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும், அப்படியும் சில விமான நிறுவனங்கள் பயன்படுத்திய அடுப்பை ஏற்காது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆகவே இறங்கும் இடத்தில் என்ன எரிபொருள் கிடைக்கும் என்று விசாரித்த பிறகுதான் எந்த அடுப்பு என்ற கேள்வியே. திருகும் குடுவைகளின் மரை பெரும்பாலும் ஒரே அளவுதான், எந்த நிறுவனத்துக் குடுவையும் எந்த நிறுவனத்து அடுப்பில் பொருந்தும். ஆனால் சில இடங்களில் திருகாமல் சொருகுகிற வகையோ, மேசை அடுப்புக்கான நீள டப்பாவோ மட்டும்தான் இருக்கும். அதற்கு இடைமாற்றி வேண்டும், நீள டப்பாவில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மண்ணெண்ணெய், வெள்ளை பெட்ரோல் அடுப்புகள் எனக்கு மிகவும் நெருக்கமானவை. புகை படியாத அழுத்த அடுப்பை 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கினார், அதுதான் பிரைமஸ். துருவப் பயணங்களிலும் இமயத்திலும் அந்த அடுப்பை நம்பித்தான் போனார்கள், இன்றும் கடும் குளிருக்கும் நீண்ட பயணத்துக்கும் அந்த வகைதான் நிற்கும், ஏனென்றால் அழுத்தத்தைப் பம்ப் அடித்து நாமே உண்டாக்குகிறோம், வெளியே எத்தனை டிகிரி என்று அதற்குக் கவலையில்லை. கொளுத்தும் முன் பர்னரைச் சூடாக்க வேண்டும், எரிபொருள் வரும் சின்னத் துளை (ஜெட்) அடைத்தால் குத்தி எடுக்க வேண்டும், பம்ப்பின் வாஷரை எண்ணெய் விட்டுப் பராமரிக்க வேண்டும். பம்ப், பாட்டில் சேர்த்தால் எடை உங்கள் சின்ன கேஸ் அடுப்பைப் போலப் பல மடங்கு. பூஜ்யம் டிகிரியில் ஐந்து இரவுக்கு உங்களுக்கு அது தேவையே இல்லை, தாராளமாக விட்டுவிடுங்கள். பின்னாளில் பனிக்காலத்தில் போக ஆரம்பித்தால், குடுவையைத் தள்ளி வைத்துக் குழாயால் இணைக்கும் கேஸ் அடுப்பை முதலில் பாருங்கள். பர்னர் வழியாக ஒரு குழாய் வளைந்து போகும் வகையாக இருந்தால் குடுவையைக் கவிழ்த்து வைத்துத் திரவமாகவே எரிக்கலாம், நல்ல குளிரிலும் வேலை செய்யும், தரையோடு தாழ்வாக இருப்பதால் சுற்றிலும் காற்றுத் தடுப்பும் வைக்கலாம். தலைமேல் அடுப்பில் அப்படிக் கவிழ்த்துவிடக் கூடாது.

வடகாற்று:
இதை யாரும் சொல்லவில்லை, எடையைவிட முக்கியம். எந்த அடுப்பாக இருந்தாலும் கூடாரத்துக்குள் கொளுத்தாதீர்கள். மழை, குளிர், களைப்பு எல்லாம் சேரும்போது ஜிப்பை இழுத்து மூடிவிட்டு உள்ளேயே கொதிக்க வைக்கத் தோன்றும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தலைவலி, தூக்கம் என்று ஆரம்பித்து அப்படியே ஆளை முடித்துவிடும், அனுபவமுள்ள மலையேறிகளே இப்படி இறந்திருக்கிறார்கள். தீ பற்றினால் மெல்லிய நைலான் நொடியில் உருகும். மழையென்றால் கூடாரத்தின் முன்வாசல் நிழலில், இரண்டு பக்கமும் திறந்து வைத்து, முடிந்தவரை வெளியே தள்ளி. அதற்கும் வழியில்லையென்றால் அந்த வேளை சுடாத உணவைச் சாப்பிடுங்கள்.

தொடுவானம்:
சரி, முடிவு செய்துவிட்டேன். குழிந்த தலையும் ரெகுலேட்டரும் உள்ள, 100 கிராமுக்குள் வரும் ஒரு தலைமேல் அடுப்பு, அடி அகலமான ஒரு லிட்டர் பாத்திரம், கட்டாயம் மூடி. தனியாகப் போகும் சின்னப் பயணத்துக்கு ஸ்பிரிட்டைப் பிறகு முயன்று பார்ப்பேன். கடைசியாக ஒன்று, பாதி தீர்ந்த குடுவையில் எவ்வளவு மிச்சம் என்று வழியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கூழாங்கல்:
வீட்டில் என்றால் தராசு. புதுக் குடுவையை நிறுத்து, அதில் எழுதியிருக்கும் கேஸின் எடையைக் கழித்தால் தகரத்தின் எடை, அதைப் பேனாவால் குடுவையிலேயே எழுதி வையுங்கள், பிறகு எப்போது நிறுத்தாலும் மிச்சம் தெரிந்துவிடும். வழியில் என்றால் பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள், நிறைந்த குடுவை ஆழ்ந்து மிதக்கும், காலியாக ஆக மேலே வரும். சில நிறுவனங்கள் குடுவையின் பக்கத்திலேயே அதற்கான கோடு அச்சிட்டிருக்கின்றன, இல்லையென்றால் புதிதாக இருக்கும்போதும் தீர்ந்த பிறகும் நீர்மட்டத்தைக் குறித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். அடிப்பக்கம் குழிவாக இருப்பதால் உள்ளே காற்று தங்கும், கொஞ்சம் சாய்த்து அந்தக் குமிழியை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் மட்டம் தப்பாகக் காட்டும்.

அடுப்பில் பொத்தான் அமுக்கிப் பற்றவைக்கும் வசதி இருந்தாலும் லைட்டர் ஒன்றும் தீப்பெட்டி ஒன்றும் தனித்தனியாக நனையாத உறையில் வையுங்கள். உயரத்திலும் ஈரத்திலும் அந்தப் பொத்தான் அடிக்கடி கைவிடும்.