டெட்லாக் = ? (ரயில் விளையாட்டு, சனிக்கிழமைக்குள் வேண்டும்)

வணக்கம். ரயில்களை அனுப்பிவைக்கும் கணினி விளையாட்டு ஒன்றைத் தமிழாக்குகிறேன். சனிக்கிழமை கோப்பு போயாக வேண்டும், டெட்லாக்கில் வந்து நிற்கிறேன். ஒற்றைப் பாதை, நடுவில் ஒரு கிராசிங் ஸ்டேஷன், இரண்டே லைன். இரண்டிலும் கிழக்கே போகும் சரக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு, கிழக்கிலிருந்து வரும் எக்ஸ்பிரசுக்கும் லைன் கிளியர் (பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வண்டி வரலாம் என்ற அனுமதி) கொடுத்தால் கதை முடிந்தது. எக்ஸ்பிரஸ் நுழைய லைன் இல்லை, சரக்கு கிளம்பப் பாதை இல்லை. ஏதாவது ஒன்றைப் பின்னுக்கு எடுத்தால் உண்டு, அதன் பின்னாலும் வண்டி வந்துவிட்டால் அதுவும் இல்லை. 'எதிர்வண்டி ஒதுங்க ஒரு லைன் காலி இல்லாமல் அடுத்ததை உள்ளே விடாதே' என்று பயிற்சியில் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் ஆறு முறை வருகிறது. முட்டுக்கட்டை என்று போட்டேன், மனம் ஒப்பவில்லை.

---
> முட்டுக்கட்டை

அது ஒருவர் போடுவது, தேர்ச் சக்கரத்துக்குப் போடுகிற மாதிரி. இங்கே யாரும் போடவில்லை, ஒன்றையொன்று மறித்து நிற்கின்றன. ஆகவே மறியல். மறி என்றால் தடு, மறிதல் என்றால் திரும்புதல். வண்டி திரும்பினால்தான் விடுதலை என்ற குறிப்பும் வேரிலேயே இருக்கிறது பாருங்கள்! (ஆட்டுக்குட்டிக்கும் மறி என்று பெயர், அதைப் பிறகு எழுதுகிறேன்.)

---
ஐயா, திரையில் 'ரயில் மறியல்' என்று வந்தால் பையன் தண்டவாளத்தில் கொடியோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடுவான்.

---
எங்கட பக்கம் மறியல் எண்டால் சிறை. ரயில் என்ன குற்றம் செய்தது?

---
திருவாசகத்தில் 'இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு' இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? இருதலைநிலை என்று வையுங்கள்.

---
அங்கே எறும்பு ஒன்று, நெருப்பு இரண்டு. இங்கே எறும்பு இரண்டு, குச்சி ஒன்று. ஆட்டுக்கடா இரண்டும் கொம்பு கோத்து நிற்கிறதே, அதுதான் இது. முட்டுநிலை.

---
டெட்லாக்குக்கு இவ்வளவு பாடுபடுகிறவர்கள் லைன் கிளியரை மட்டும் விட்டுவிட்டீர்களே. பாதை இசைவு எனலாம்.

---
முப்பது வருடம் லைன் கிளியர் கேட்டு வேலை பார்த்தவன் நான். இசைவு கேட்டிருந்தால் 'கல்யாணத்துக்கா சார்?' என்றிருப்பார்கள். டெட்லாக்கையும் அப்படியே விடுங்கள்.

---
எல்லாருக்கும் நன்றி. பொத்தானில் இடம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. நாலு பேர் சரி என்றதால் முட்டுநிலை என்றே அனுப்பிவிட்டேன்.

---
> முட்டுநிலை

முட்டு என்றால் மோதிவிட்டதாக அல்லவா ஆகிறது? எல்லா சிக்னலும் ஒழுங்காகச் சிவப்பில் நின்று, எதுவும் எதிலும் மோதாமல் இருப்பதுதானே டெட்லாக்! விபத்துக்கு அதே விளையாட்டில் என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?