கட்டி கண்ணுக்குத் தெரியும்போது பிரஷ்ஷும் கழுவுநீரும் தேவையா?

வைகைக்கரை:
கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில், நுரையீரல் புற்று எனச் சந்தேகிக்கும் கட்டி மூச்சுக்குழாய்க்குள் கண்ணெதிரே தெரியும்போது, ஃபோர்செப்ஸ் என்னும் சிறு இடுக்கியால் ஐந்து துண்டுகள் எடுத்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் குறைந்தது ஐந்து துண்டுகள் என்றே கூறுகிறது. அதற்கு மேல் பிரஷ்ஷால் தேய்த்து உயிரணுக்கள் எடுப்பதும், உப்புநீர் விட்டு உறிஞ்சிய கழுவுநீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் பெரும்பாலும் பழக்கத்தால் நடப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் நோயாளியின் தலையில் விழுகிறது. சிறு உயிரணு வகை அல்லாத நுரையீரல் புற்று முற்றிய நிலையில் இருந்தால், இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களையும் பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவையும் பார்க்காமல் இன்று சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. அதற்கு வேண்டியது நல்ல திசு, கழுவுநீரில் மிதக்கும் சொற்ப உயிரணுக்கள் அல்ல.

நுண்ணோக்கி:
ஸ்லைடு பார்க்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஃபார்மலின் புட்டியில் ஐந்து துண்டுகளும் இருக்கும். வெட்டிப் பார்த்தால் மூன்றில் செத்த திசு, நான்காவதில் புற்று தொடாத சவ்வு, ஐந்தாவதில் ஃபோர்செப்ஸ் நசுக்கியதால் நீலக் கோடுகளாக இழுபட்ட அணுக்கருக்கள். சிறு உயிரணுப் புற்றில் இந்த நசுங்கல் மிகவும் சாதாரணம். அதே நோயாளியின் பிரஷ்ஷில் வந்ததைக் கண்ணாடியில் தேய்த்த ஸ்மியரில் உயிரணுக்கள் கெடாமல் கிடைத்து, அன்றே பதில் சொல்ல முடிந்ததுண்டு. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் தொகுத்த ஆய்வுகளில், நுரையீரலின் மையப்பகுதிப் புற்றை ஃபோர்செப்ஸ் மட்டும் சுமார் 74 விழுக்காடும், எல்லா முறைகளும் சேர்ந்து 88 விழுக்காடும் கண்டுபிடித்தன. அந்த இடைவெளியில் நிற்பவர்களை மறுபடியும் பிராங்கோஸ்கோப்பிக்குப் படுக்க வைப்பதுதான் பெரிய செலவு.

வைகைக்கரை:
அந்த 88-இல், குழாய் வழியே ஊசி குத்தி உயிரணுக்களை உறிஞ்சும் முறையின் பங்கும் அடங்கியிருக்கிறது. கழுவுநீரின் திறனோ அதே தொகுப்பில் பாதியைக்கூட எட்டவில்லை. செத்த திசு வருகிறது என்றால், கட்டியின் நடுவை விட்டு விளிம்பில் கடிக்க வேண்டும். சவ்வு வழவழப்பாக இருந்து கட்டி அதற்கு அடியில் இருந்தால் ஊசிதான் சரியான கருவி. எடுக்கும் கை சரியாக இல்லாதபோது மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது தீர்வாகாது.

கிழக்குவாசல்:
மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். காசநோய் பரவலாக உள்ள நம் ஊரில், எக்ஸ்ரேயில் புற்றுக் கட்டியின் நிழலைப் பார்த்துக் காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு, மாதங்கள் கழித்து எங்களிடம் வருபவர்கள் உண்டு. இரண்டு நோயும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. காசநோய்ப் பரிசோதனைக்காகக் கழுவுநீர் எப்படியும் எடுக்கப்படுகிறது என்னும்போது, அதில் ஒரு பங்கை உயிரணுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

நுண்ணோக்கி:
அதோடு, வைகைக்கரை அவர்கள் சொல்லும் ஐந்து துண்டுகள் எல்லா நோயாளியிடமும் கிடைப்பதில்லை. இரண்டாவது துண்டிலேயே ரத்தம் பெருகி நிறுத்த நேர்ந்தால், கையில் மிஞ்சுவது ஸ்மியரும், திரவத்தைச் சுழற்றி அடியில் தங்கும் உயிரணுக்களை மெழுகில் பதித்த செல் பிளாக்கும்தான். போதிய உயிரணுக்கள் இருந்தால் செல் பிளாக்கில் மரபணுப் பரிசோதனையும் செய்யலாம். ஆனால் ஸ்மியரைத் தேய்த்த கையோடு 95 விழுக்காடு ஆல்கஹாலில் போட வேண்டும். காய்ந்துபோன ஸ்லைடில் அணுக்கரு ஊதித் தெளிவிழந்துவிடும், அதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

வைகைக்கரை:
ரத்தம் கசியும் கட்டிக்குப் பிரஷ்ஷையும், காசநோய்ச் சந்தேகம் இருந்தால் கழுவுநீரையும் ஏற்கிறேன். படிவத்தில் ஃபோர்செப்ஸ், பிரஷ், கழுவுநீர் மூன்றையும் முன்கூட்டியே அச்சடித்து வைத்து, கட்டியைப் பார்க்கும் முன்பே எல்லோருக்கும் பணம் கட்டச் சொல்வதை ஏற்கவில்லை.