பேச்சுரிமை வழக்குகளுக்கு ஜூனியர்களைப் பயிற்றுவிப்பது எப்படி?

கேள்வி – மாவட்டநீதிமன்றவாசி

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில், தொழிலுக்கு வந்து ஐந்தாண்டுகூட ஆகாதவர்களுக்குக் கருத்துச் சுதந்திரம், மனித உரிமைச் சட்டம் ஆகியவை குறித்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முகநூல் பதிவுக்காகவோ மேடைப் பேச்சுக்காகவோ கைதாகும் ஒருவருக்காக விடுமுறை நாளில் நடுவர் (மாஜிஸ்திரேட்) வீட்டு வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். கருத்துச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் உறுப்பு 19(1)(அ)-வைக் கல்லூரியில் நன்றாகவே படித்திருந்தும், ரிமாண்டின்போது, அதாவது காவலில் வைப்பதா என்று நடுவர் முடிவுசெய்யும்போது, "கட்சிக்காரர் நிரபராதி" என்பதற்கு மேல் ஒரு வரியும் பேசுவதில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் சிறப்புரை, ரொமேஷ் தாப்பர் (1950) முதல் ஷ்ரேயா சிங்கால் (2015) வரையிலான தீர்ப்புகளின் வரலாறு என்று நிகழ்ச்சி நிரல் தயாராகியிருக்கிறது. இது போதுமா?

பதில் 1 – குற்றவியல்தரப்பு

போதாது. சிறப்புரையை மாலைக்குத் தள்ளிவிட்டு, காலையில் பெயர்கள் மறைக்கப்பட்ட ஒரு முதல் தகவல் அறிக்கையையும் ரிமாண்ட் அறிக்கையையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 (பகைமையைத் தூண்டுதல்), 299 (மத உணர்வைப் புண்படுத்துதல்), 353 (பொதுக் குழப்பம் விளைவிக்கும் பேச்சு) ஆகிய பிரிவுகளில் ஏதாவது ஒன்று அதில் இருக்கட்டும். பதிவின் சொற்களை ஒரு பக்கமும், பிரிவு கேட்கும் கூறுகளை மறுபக்கமும் எழுதச் சொன்னால், எது பொருந்தவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

2018 அக்டோபரில் 'நக்கீரன்' இதழின் ஆசிரியர் கோபால் கைதானபோது போடப்பட்டது, ஆளுநரைத் தாக்குவது அல்லது தடுப்பது பற்றிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஆம் பிரிவு. பத்திரிகைக் கட்டுரை அதற்குள் எப்படி வரும் என்ற கேள்வி நடுவர் முன்னிலையிலேயே எழுந்து, எழும்பூர் நீதிமன்றம் ரிமாண்ட் செய்ய மறுத்தது. அன்றே அவர் வெளியே வந்தார். வழக்கை ரத்து செய்யக் கோரும் குவாஷ் மனுவை உயர் நீதிமன்றத்தில் போட்டுக் காத்திருந்தால் அதுவரை அவர் சிறையில்தான் இருந்திருப்பார்.

அடுத்து நடைமுறைச் சட்டம். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணைக்கு இடமளிக்கிறது. பேச்சு, எழுத்து சார்ந்த புகார்களில் அந்த வழியைப் பின்பற்றுவதே பொருத்தம் என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் (மார்ச் 2025) உச்ச நீதிமன்றம் கூறியது. சொற்களின் விளைவை, எதைக் கேட்டாலும் அஞ்சுகிறவரின் கண்கொண்டு பார்க்காமல், உறுதியான மனமுடையவரின் அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். அதே நடைமுறைச் சட்டத்தின் 35(3)-இன்படி, விசாரணைக்கு வரச் சொல்லும் அறிவிப்பு கொடுக்காமல் கைது செய்தது ஏன் என்று கேட்கவும் பழக்குங்கள்.

பதில் 2 – உரிமைச்சட்டமாணவர்

முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மனித உரிமைச் சட்டத்தை அலங்காரமாக ஒதுக்கிவிட வேண்டாம். இந்தியா 1979-இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு மூன்று கேள்விகளைக் கேட்கிறது: கட்டுப்பாட்டுக்குச் சட்டம் இருக்கிறதா, அதன் நோக்கம் ஏற்கத்தக்கதா, அது உண்மையிலேயே தேவையா? இதையொட்டிய விகிதாச்சாரச் சோதனையைத்தான் (கட்டுப்பாடு தேவைக்கு மிஞ்சாமல் இருக்கிறதா என்று பார்ப்பதை), காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றமும் கையாண்டது. நடுவரிடம் ஜெனீவாவைப் பற்றிப் பேசினால் கோப்பை மூடிவிடுவார் என்பது உண்மைதான். இந்த மூன்று கேள்விகளையும் கருத்துச் சுதந்திரத்துக்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கும் உறுப்பு 19(2)-இன் மொழியில் கேட்டால் காதுகொடுப்பார்.

நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பதற்கும் ஓர் அமர்வு வேண்டும். 'மாதொருபாகன்' நாவல் விவகாரத்தில் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த சமாதானக் கூட்டத்தில் நாவலாசிரியர் பெருமாள்முருகன் கையெழுத்திட்ட ஒப்புதல் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2016 ஜூலை வரை ஆயிற்று. வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்படி ஒரு தாளை நீட்டினால் பக்கத்தில் இருக்கும் ஜூனியர் என்ன சொல்ல வேண்டும் என்பதை நடித்தே காட்டுங்கள்.

பதில் 3 – மறுதரப்பு

இரண்டு பதில்களிலும் வழக்கறிஞர் எப்போதும் பேசியவரின் பக்கமே நிற்கிறார். சாதிப் பெயரைச் சொல்லி ஒருவர் பொதுவெளியில் இழிவுபடுத்தப்பட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவருக்காக நிற்பதும் மனித உரிமைப் பணிதான். பேசியவர் யார், எந்தச் சூழலில், யாரை நோக்கி என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற அமிஷ் தேவ்கன் தீர்ப்பை (2020) பாடத்தில் சேருங்கள். அதில் வழக்கு ரத்தாகவில்லை. ஒரே பதிவை இரண்டு அணிகளுக்குக் கொடுத்து, மதியத்துக்குப் பிறகு தரப்பை மாற்றி வாதிடச் சொல்லுங்கள்.

மாவட்டநீதிமன்றவாசி

மூவருக்கும் நன்றி. காலை அமர்வு ரிமாண்ட், மதியம் தரப்பு மாற்றி வாதம் என்று நிரலைத் திருத்துகிறேன். எங்கள் பகுதியில் உள்ளூர்ச் செய்தியாளர்கள்மீது அவதூறுப் புகார்களே அதிகம். அதற்கு என்ன கற்றுக்கொடுப்பது?

குற்றவியல்தரப்பு

அவதூறு, அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, காவல்துறை தானாக வழக்குப் பதிய முடியாத குற்றம். "ஸ்டேஷனுக்கு வாருங்கள்" என்று தொலைபேசியில் கூப்பிட்டால், எந்த வழக்கில், எந்தப் பிரிவில் என்று எழுத்தில் கேட்க வேண்டும். தனிப்புகாராக நீதிமன்றத்துக்கு வந்தால், கோப்புக்கு எடுக்கும் முன்பே எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) தரப்பைக் கேட்கும் வாய்ப்பைப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 223(1) தருகிறது. பழைய பழக்கத்தில் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். அந்த மனுவை வகுப்பிலேயே ஒவ்வொருவரும் எழுதி, கையில் எடுத்துப் போகட்டும்.