பழைய ஜி41 போர்டில் 4 ஜிபி ரேம் போட்டதும் நீளமான பீப், திரை வரவில்லை. உதவி தேவை

அச்சுக்கடை:
வணக்கம் நண்பர்களே. எங்கள் டிடிபி கடையில் ஒரு பழைய சிஸ்டம் இருக்கிறது. இன்டெல் ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டு, கோர் 2 டுவோ இ7500 புராசஸர், இரண்டே ஸ்லாட், இரண்டிலும் 1 ஜிபி டிடிஆர்3. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள், வாடிக்கையாளர்களின் பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதைத் தூக்கிப் போட முடியாது. கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்று 4 ஜிபி ரேம் இரண்டு வாங்கிப் போட்டேன். ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, நீளமான பீப் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கிறது, திரை கறுப்பு. புதியதில் ஒன்றை மட்டும் போட்டால் சில நேரம் ஆன் ஆகிறது, ஆனால் 2048 எம்பி என்று காட்டுகிறது, விண்டோஸ் லோடாகும்போதே மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத்திரை. பழைய ரேமைத் திரும்பப் போட்டால் எந்தக் குறையும் இல்லை. விற்ற கடையில் அவர்களுடைய சிஸ்டத்தில் போட்டுக் காட்டினார்கள், 4 ஜிபி முழுசாகத் தெரிகிறது. அப்படியானால் போர்டில்தான் கோளாறா?

மதுரைக்காரன்:
தம்பி, முதலில் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ரேமின் தங்கநிறக் கால்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடை, ஸ்லாட்டில் இருக்கிற தூசியை பிரஷ்ஷால் தட்டு. அப்புறம் போர்டில் இருக்கிற காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் விட்டு மாட்டு, பயாஸ் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கிற, போர்டில் உள்ள மென்பொருள்) பழைய செட்டிங்கை மறந்துவிடும். இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று தானாக மூட வேண்டும், மூடவில்லை என்றால் ரேம் சரியாக உட்காரவில்லை. எனக்கு வருகிற பீப் கேஸ்களில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

அச்சுக்கடை:
எல்லாம் செய்து பார்த்துவிட்டேன் அண்ணே, ஸ்லாட்டையும் மாற்றிப் பார்த்தேன். அதே பீப்தான்.

பழுதுபெட்டி:
போர்டும் நன்றாகத்தான் இருக்கிறது, ரேமும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். புதிய ரேமைக் கையில் எடுத்து அதில் எத்தனை கறுப்பு சிப் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள், ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா என்றும் பாருங்கள். ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8 அல்லது 2ஆர்எக்ஸ்8 என்று ஏதாவது போட்டிருக்கிறதா? முதல் எண் சிப்கள் எத்தனை தொகுதி என்பது, கடைசி எண் ஒரு சிப் எத்தனை பிட் அகலம் என்பது.

அச்சுக்கடை:
ஒரு பக்கம் மட்டும் 8 சிப், பின்பக்கம் வெறும் பச்சைப் பலகை. 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு என்று இருக்கிறது. பழைய 1 ஜிபியிலும் 8 சிப்தான் அண்ணா, அது ஓடுகிறதே?

பழுதுபெட்டி:
எண்ணிக்கை ஒன்றுதான், ஒவ்வொரு சிப்பும் எவ்வளவு பெரியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 8 ஜிகாபிட் சேர்ந்தால்தான் 1 ஜிபி. உங்கள் பழைய ரேமில் ஒரு சிப் 1 ஜிகாபிட், புதியதில் 8 சிப்பிலேயே 4 ஜிபி என்றால் ஒரு சிப் 4 ஜிகாபிட். புராசஸரையும் ரேமையும் இணைக்கிற ஜி41 சிப்செட் 2 ஜிகாபிட் சிப் வரைக்கும்தான் கையாளும். 4 ஜிகாபிட் சிப்புக்கு ஏ0 முதல் ஏ15 வரை முகவரிக் கோடுகள் (சிப்புக்குள் எந்த இடம் என்று சொல்லும் இணைப்புகள்) வேண்டும், இந்தப் போர்டில் ஏ14-ஓடு முடிந்துவிடும். அந்த ஒரு கோடு இல்லாததால் சிப்பில் பாதி இடத்தைப் போர்டால் தொடவே முடியாது. நீங்கள் பார்த்த 2048 அதுதான். ரேம் தன்னைப் பற்றிச் சொல்லும் கணக்கும் போர்டு பார்க்கிற கணக்கும் உதைப்பதால் பயாஸ் சில நேரம் குழம்பி பீப் அடிக்கிறது, சில நேரம் பாதியோடு உள்ளே விட்டுவிடுகிறது. கடைக்காரர் போட்டுக் காட்டியது புதிய போர்டாக இருந்திருக்கும், அதனால் அவர் சொன்னதும் உண்மைதான்.

உங்களுக்கு வேண்டியது 16 சிப் உள்ள 4 ஜிபி, பக்கத்துக்கு 8, ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருக்க வேண்டும். 1333 வேகம் போதும், 1600 வாங்கினாலும் உங்கள் இ7500-இல் 1066-க்கு இறங்கித்தான் ஓடும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: ஏஎம்டிக்கு மட்டும் என்று மலிவாக ஒரு ரகம் விற்கிறார்கள், அதிலும் 16 சிப்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் 4 பிட் அகலம், இன்டெல் போர்டில் அது கிளம்பாது. சிப்பை மட்டும் எண்ணி வாங்கிவிடாதீர்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் கழற்றிய 2ஆர்எக்ஸ்8 ரேம்களே கிடைக்கும், அங்கேயே ஒரு ஜி41-இல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அச்சுக்கடை:
அண்ணா, மாற்றித் தந்துவிட்டார்கள்! 16 சிப், 2ஆர்எக்ஸ்8. ஒரே ஒரு குட்டி பீப், 8192 எம்பி என்று திரையில் வந்தது. ரொம்ப நன்றி. ஆனால் விண்டோஸ் 7-க்குள் போனால் 8 ஜிபியில் 3.25 ஜிபிதான் பயன்படுத்த முடியும் என்கிறது. மறுபடியும் ஏதாவது பிரச்சினையா?

மதுரைக்காரன்:
அது 32 பிட் விண்டோஸ் தம்பி. எவ்வளவு போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் நிற்கும், அதிலும் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸும் மற்ற பாகங்களும் எடுத்துக்கொள்ளும். 64 பிட் போட்டால் முழுசாக வரும், உன் புராசஸர் தாங்கும்.

பழுதுபெட்டி:
64 பிட்டுக்குப் போகும் முன் இரண்டு வேலை இருக்கிறது. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம், பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுத் தனித்தனியே சோதியுங்கள், வாடிக்கையாளர் ஃபைல் இருக்கிற சிஸ்டத்தில் ஒரு பிழையைக்கூட விட்டுவைக்கக் கூடாது. அடுத்தது, 16 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது, 16 பிட் இன்ஸ்டாலரும் பெரும்பாலும் ஓடாது, பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்களில் சிலது அந்த ரகம். உங்கள் பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதனால் இப்போதைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, வேறு டிஸ்க்கில் 64 பிட் போட்டு, ஒரு பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்து பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் 32 பிட்டிலேயே இருங்கள், 2 ஜிபி இருந்த இடத்தில் 3.25 கிடைத்ததே உங்கள் வேலைக்குப் போதும்.

அச்சுக்கடை:
சரி அண்ணா, இன்றைக்கு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுகிறேன். டிஸ்க் வாங்கிப் போட்டதும் எழுத்துரு வருகிறதா என்று இங்கேயே எழுதுகிறேன்.